மாமாவுக்காகக் கட்டிய பார்

தறிச்சத்தம் நின்றதும் என் மகள் விழித்துக்கொண்டாள். கருமத்தம்பட்டியில் எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகள் எல்லாம் அப்படித்தான். சத்தத்தில் தூங்குவார்கள், அமைதி வந்தால் எழுந்து அழுவார்கள். தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள். கோவையிலிருந்து மருமகளாக வந்த புதிதில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கியவள் நான். பிறகு அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே தூக்கம் வராமல் புரண்டேன். தறிகள் நிற்பதிலும் வகை உண்டு என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். மின்சாரம் போனால் தெரு முழுவதும் ஒரே நொடியில் அடங்கும். தெருவில் ஒருவர் இறந்துபோனால் அப்படி இல்லை. சேதி எட்டிய கொட்டகை முதலில் மோட்டாரை அணைக்கும், பிறகு அதற்கு அடுத்தது, பிறகு எதிர்ப்பக்கம். சத்தம் ஒரு முனையிலிருந்து மெலிந்துகொண்டே வந்து கடைசித் தறியும் நிற்கும்போது, இத்தனை நாளும் நாம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் உறைக்கும். அந்தச் சனிக்கிழமை காலை சத்தம் அப்படித்தான் மெலிந்தது. அழுத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, யாராக இருக்கும் என்று யோசித்தபடி கூடத்தில் நின்றேன். தெருவில் எனக்கு மட்டும்தான் அது தெரியாது. எனக்கும், உள்ளறையில் படுத்திருந்த என் மாமனாருக்கும்.

மாமனாருக்கு அதற்குச் சில மாதங்கள் முன்னால் கோவையில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். தறி மெக்கானிக்காகவே வாழ்ந்தவர் அவர். தெருவில் எந்தக் கொட்டகையில் எந்தத் தறி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அதனால் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். உப்பையும் எண்ணெயையும் குறையுங்கள், குடியை அடியோடு நிறுத்துங்கள், தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள், மனசைச் சந்தோஷமாக வைத்திருங்கள். உப்பு, எண்ணெய் விஷயத்தில் நான் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணைப் போல நடந்துகொண்டேன். கடைசியில் சொன்னதை எப்படிச் செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாடகைக் காரில் திரும்பி வரும்போதுதான் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. எனக்கு எப்போதும் கேள்விகள் இப்படிப் பின்னால்தான் வரும்.

மாமனார் எதையும் மறுக்கிற மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். கஞ்சியைக் கொடுத்தாலும் மாத்திரையைக் கொடுத்தாலும் "ஆகட்டும் அம்மணி" என்று வாங்கிக்கொள்வார். வாசல்வரை நடக்கலாமே என்றால் அதற்கும் "ஆகட்டும் அம்மணி"தான். ஆனால் மாதாமாதம் டாக்டரிடம் போவதைத் தவிர எழுந்திருக்க மாட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். மகள் கதவருகே போய் நின்று தாத்தாவை "அப்பாரு" என்று கூப்பிட்டால் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். முன்பெல்லாம் அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போனவர். ஒருநாள் நான் கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டபோது மட்டும் காரணம் சொன்னார். "தெருவுல எல்லாரும் பாவம்னு பாப்பாங்க அம்மணி. என்னைய ஆரும் அப்படிப் பாத்ததில்ல." சமையலறைக்குப் போய்ச் சும்மா பாத்திரத்தைத் துலக்கினேன். இந்த மனிதர் இந்த அறையைவிட்டு வெளியே வராமலே போய்விடுவாரோ, என் பொறுப்பில் இருக்கும்போது அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே பயம்.

நோய்க்கு முன்பு சாயங்காலம் பொழுதோடு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவினாசி சாலையில் இருக்கும் பாருக்குப் போவார். கூட ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருப்பார். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். இரண்டு பேரும் அளவாகக் குடித்துவிட்டு, அளவில்லாமல் பேசிவிட்டு, பேத்திக்குப் பன்னோடு திரும்புவார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாமனார் குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவர் உள்ளுக்குள் ஏங்குகிறாரோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் டிரைவர் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் மாமனாரைக் கைபிடித்துக் கூடத்துக்கு அழைத்துவர, டிரைவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நின்றேன். இருவரும் வாயடைத்துப் போனார்கள். மாத்திரை எத்தனை வேளை என்று அவர் கேட்டார், இவர் சொன்னார், டீ ஆறுவதற்குள் டிரைவர் எழுந்து போய்விட்டார். மறுபடி வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடையாது. கூடம் டிவிக்கும் குழந்தையின் பொம்மைகளுக்கும் சொந்தம். அதில் நான் போய்வந்துகொண்டே இருப்பேன். மருமகள் நடமாடும் இடத்தில் அவர்களால் பழைய மாதிரி பேச முடியாது, அவர்கள் இருக்கும் இடத்தில் என்னால் உட்கார முடியாது. மாமனார் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவர் வந்தால் எழுந்துவிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. என் அம்மா அவள் மாமனார் எதிரில் அப்படி இருந்தாள், நானும் இருந்தேன், அவ்வளவுதான். மாமனார் இழந்தது குடியை இல்லை, போய் உட்கார ஓர் இடத்தை.

மகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீடியோ வந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு தம்பதி, வீட்டுக்குப் பின்னால் மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்து, குறுக்கே ஒரு மேடை போட்டு, தேங்காய்த் தொட்டியில், அதுதான் சிரட்டையில், பானங்களை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் நடுவே இருக்கும் தீவுகளின் பாணியாம். அதற்கு டிக்கி பார் என்று பெயராம். சீரியல் பல்ப் மாட்டிய இளநீர்க்கடை மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவரிடம் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "காரே வாங்கல, அதுக்குள்ள டிக்கி எதுக்கு?" என்று சிரித்தார். கார் வாங்கினால் நிறுத்துவதற்கென்று வீட்டுக்குக் கிழக்கே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, அந்த இடத்தில் கட்டலாமா என்றார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் பார் என்று ஒன்று இருந்தால் மாமனாருக்குக் குடி நினைவு வந்துவிடாதா? டிரைவர் மடியில் எதையாவது சொருகிக்கொண்டு வந்துவிட்டால்? இதய நோயாளிக்கு மருமகள் பார் கட்டிக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லாதா? அம்மாவிடம் சொன்னேன். பெண்குழந்தையை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது என்று போனிலேயே திட்டினாள். வேண்டாம் என்று முடிவு செய்தேன். காய் நறுக்கும்போது மறுபடி வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் மாதப் பரிசோதனைக்குப் போனபோது, மாமனார் வெளியே இருக்கும் சமயம் பார்த்து டாக்டரிடமே கேட்டேன். இளநீர் தினமும் வேண்டாம், உப்புக் குறைத்த மோர் தாராளமாகக் கொடுங்கள் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சரக்கே இல்லாத பாரா? கட்டி முடிச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

மருத்துவச் செலவு போக எங்களிடம் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. இருப்பதை வைத்துத்தான் கட்ட வேண்டும். பரணில் பழைய வீட்டின் வேங்கைக் கதவு ஒன்று கிடந்தது. அதைப் படுக்கவைத்தால் மேடை. கணவரின் நண்பருக்குச் சூலூர்ப் பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. காற்றில் சாய்ந்த மரம் ஒன்றைத் துண்டு போட்டுத் தருகிறேன், உட்காருவதற்கு ஆகும் என்றார் அவர். தேங்காய்த் தொட்டிகளைச் சமையலறையிலேயே சேர்த்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தடவிப் பளபளக்க வைத்தேன். காய்ந்த மூங்கிலும் முடைந்த கீற்றும் கடையில் விலைக்கு வாங்க வேண்டும். நண்பரின் தோப்பிலோ வரப்போரத்து மூங்கிலும் தென்னை ஓலையும் சும்மாவே கிடைக்கும், வண்டி வாடகை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் எல்லாம் பச்சை. பச்சை மூங்கில்தான் வளைக்கச் சுலபம் என்று எங்கோ படித்திருந்ததால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. மாமனாருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று கணவரிடம் காரணம் சொல்லியிருந்தேன். உண்மையில் பார் என்ற சொல் என் தொண்டையைத் தாண்டி வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் கிடந்த சைக்கிள், உடைந்த கட்டில், பழைய தகரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கூட்டித் தண்ணீர் தெளித்தேன். எதிர்வீட்டு அக்கா வீட்டிலேயே நூல் சுற்றுகிறவர். ராட்டையை நிறுத்தி, "என்ன அம்மணி, எடத்தையெல்லாம் ஒழிக்கற?" என்று கேட்டார். சும்மாதான் அக்கா என்றேன். அன்று மகளுக்குக் காய்ச்சல் வேறு. சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலை, கணவரின் பஸ் வருவதற்கு முன்பே தோப்பிலிருந்து வண்டி வந்துவிட்டது. இரண்டு பேர் இறங்கி மூங்கில்களை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார்கள். ஓலைகளைத் தள்ளினார்கள், தென்னைத் துண்டுகளை உருட்டிவிட்டார்கள். பச்சை வாசனை வாசலை நிறைத்தது. எங்கே போடுவது என்று கேட்டபோது நான் பேசாமல் கையைக் காட்டினேன், பேசினால் மாமனார் காதில் விழுந்துவிடுமே என்று. எதிர்வீட்டு அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், ஒழித்து வைத்த இடத்தைப் பார்த்தார், தூங்காத என் முகத்தைப் பார்த்தார். செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி வந்து என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"மனசத் தேத்திக்கோ கண்ணு. நாங்கெல்லாம் இருக்கறோம்."

அத்தனை மாதங்களில் என்னிடம் அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் மாமனார் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார்கள். நான் உடைந்து அழுதேன். அவரும் அழுதார். என்னை அணைத்து முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் வேகமாகப் போனார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன். எங்கள் பக்கத்தில் பச்சை மூங்கிலும் பச்சை ஓலையும் விடிந்ததும் ஒரே வண்டியில் ஒரு வீட்டுக்கு வந்தால் அது பாடை கட்டத்தான். கல்யாணப் பந்தலுக்கு வரும் ஓலையோடு வாழை மரம் வரும், சத்தம் வரும், சிரிப்பு வரும். இது எனக்குத் தெரியாததா? எத்தனையோ வீட்டு வாசல்களில் பார்த்திருக்கிறேன். நம் வீட்டு வாசலில் கிடக்கும்போது அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்போதுதான் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, மகள் எழுந்து அழுதாள். உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. தறி நிற்கிறதே, யார் அம்மணி என்று கேட்டார். தெரியவில்லை மாமா என்றேன். கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால், யார் கையையும் பிடிக்காமல் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியை எடுக்கச் சொன்னார். கூட்டத்துக்குப் போக வேண்டாம், டாக்டர் திட்டுவார் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. "எழவுக்குப் போகாம இருக்க முடியுமா அம்மணி? நாளைக்கு நமக்கு ஆரு வருவா?" என்றபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவராகக் கேட்டு வேட்டி மாற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒட்டினாற்போலப் பின்னாலேயே போனேன். அவர் கதவைத் திறந்தார்.

வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது. தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டிய தறிக்காரர்கள், கொட்டகை முதலாளி, கூந்தலை அவிழ்த்துவிட்ட பெண்கள், முன்னால் ஒரு பெரிய ரோஜா மாலையோடு டிரைவர். மாமனார் அவர்களைப் பார்த்தார். உடனே திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"ஆருப்பா போயிட்டாங்க?"

டிரைவர் மாலையைக் கை மாற்றினார். வேறு யாராவது சொல்வார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில் அவர்தான் சொன்னார்.

"நீங்கதானுங்க."

மாமனார் கொஞ்ச நேரம் அந்த மாலையைப் பார்த்தார். "அப்படியா? எனக்கு ஆரும் சொல்லலியே" என்றார். பிறகு அவர் கண் மூங்கில் மேல் போனது, ஓலை மேல் போனது, அங்கிருந்து என் மேல் வந்து நின்றது. கூட்டமும் என் பக்கம் திரும்பியது. இதெல்லாம் எதற்கு அம்மணி என்று கேட்டார். ஓடி உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். பந்தல் என்று சொல்லிவிடலாமா, மாட்டுக்கொட்டகை என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். எங்களிடம் மாடு இல்லை. மற்ற நாளாக இருந்தால் தறிச்சத்தத்தில் நான் முணுமுணுத்தது பாதி அமுங்கிப் போயிருக்கும். அன்று ஒரு தறிகூட ஓடவில்லை.

"பார் கட்டறதுக்குங்க மாமா. உங்களுக்கு."

தெருவின் கடைசி வீடுவரை கேட்டிருக்க வேண்டும். மாமனார் முகத்தில் ஏதோ அசைந்தது. கோபமா, வலியா என்று நான் பதறுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு உடம்பே குலுங்கியது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் எப்போதோ ஆறியிருந்தும் "மெதுவாச் சிரிங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் என் தோளில் ஒன்று வைத்து, வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கேட்டுவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டே அவரும் சிரித்தார்.

சூலூரில் இருக்கும் மாமனாரின் அக்காவுக்கு யாரோ அதற்குள் போன் போட்டிருந்தார்கள். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தி, அங்கிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி பாடியபடி வந்தார். தம்பி வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகும் பாட்டை நிறுத்தவில்லை. எடுத்த அடியைக் கண்ணீரோடு முடித்துவிட்டுத்தான் தம்பியின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் ஒன்றும் பண்ணவில்லை, மருமகள்தான் பார் கட்டுகிறாள் என்று மாமனார் சொன்னார். "சரி, இப்பப் பாடுனது அப்படியே இருக்கட்டும். அப்பறம் பாடறதுக்கு நான் இருக்கறனோ என்னமோ" என்று அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டார். என் கணவர் வந்தது அதற்கும் பிறகு. பிரதான சாலையில் இறங்கித் திரும்பியதுமே தறி ஓடவில்லை என்று தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் பையை வழியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். தென்னைத் துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து மூங்கிலின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னடா, நீயும் எழவுக்கா?" என்று மாமனார் கேட்டார். கணவர் அப்பாவின் பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

எழவு வீட்டுக்கு வந்தவர்கள் வேலை செய்யாமல் திரும்பிப் போவது எங்கள் தெருவில் வழக்கம் இல்லை. குழி தோண்ட, மூங்கில் வெட்ட, ஓலை முடைய, ஆளுக்கு ஒன்று தெரியும். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் கடப்பாரை எடுத்துவந்தார், ஒருவர் கயிறு எடுத்துவந்தார். டிரைவர் ஓலை முடைய உட்கார்ந்தார். அவர் கை பழக்கத்தில் பாடைக்கு முடைகிற மாதிரியே போய்க்கொண்டிருக்க, "இன்னும் என்னைய அனுப்பறதுலயே இருக்கறீங்களே" என்று மாமனார் கிண்டல் செய்தார். தறிகளை ஓட்டச் சொல்லுங்கள், கூலி வீணாகிறது என்று அவர் கொட்டகை முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். முதலாளி மண்வெட்டியைக் கீழே வைக்காமலே, "உங்களுக்குன்னு நிறுத்துனதுங்க. மத்தியானம் வரைக்கும் நிக்கட்டும்" என்றார். மாமனார் அமைதியாகக் கிடந்த தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். ஒரு மனிதர் தனக்காகத் தெரு அடங்கி நிற்பதைத் தன் காதாலேயே கேட்டதை நான் அங்கே நின்று பார்த்தேன்.

எழவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் உப்புமாவும் காபியும் அதற்குள் தயாராகியிருந்தன. எழவு இல்லை என்று ஆன பிறகும் அவை வந்தன. பல மாதங்களில் நான் சமைக்காத முதல் காலை அது. பெண்களுக்குள் ஒரு பெரிய சந்தேகம் எழுந்தது. எழவுக்கென்று புறப்பட்டு வந்தாயிற்று, ஆள் உயிரோடு இருக்கிறார், இப்போது வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டுமா, வேண்டாமா? மாமனாரின் அக்காவிடம் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, அழுதவர்கள் குளிக்கலாம், அழாதவர்கள் முகம் கழுவினால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். மாலையை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. சாமிக்குப் போட முடியாது, திருப்பிக் கொடுத்தால் பூக்கடைக்காரர் வாங்க மாட்டார். மாமனார் அதைக் கேட்டு வாங்கி, வேங்கைக் கதவைப் படுக்கவைத்துச் செய்த மேடையின் முன்பக்கம் தன் கையாலேயே மாட்டினார்.

பொழுதோடு எல்லாம் முடிந்தது. தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. பச்சை ஓலைக் கூரைக்குக் கீழே சீரியல் பல்புகள் எரிந்தன. மாமனார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாடிக்கையாளர் பக்கம் உட்காருவார் என்று நினைத்தேன். அவர் மேடையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் தென்னைத் துண்டுகளில் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போலச் சுவரோரம் நின்றேன், மோர்ப் பானையை யார் எடுத்துக் கொடுப்பது, உப்பு கூடிவிட்டதோ, இஞ்சி காரமோ என்று யோசித்துக்கொண்டு. மாமனார் ஒரு தேங்காய்த் தொட்டியில் மோரை ஊற்றி, அதை டிரைவர் முன்னால் வைக்காமல் காலியாக இருந்த துண்டுக்கு எதிரே வைத்தார்.

"உக்காரு அம்மணி."

இருக்கட்டும் மாமா, நான் நிற்கிறேன் என்றேன். "பாருக்கு வந்தவங்க நின்னுட்டுக் குடிக்கறதில்ல" என்றார். கணவரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரின் அக்காவைப் பார்த்தேன். "அவந்தான் சொல்றானல்லோ, உக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். விளிம்பில்தான் உட்கார்ந்தேன், உடனே எழுந்துவிட வசதியாக. மாமனார் நின்றார். மோரில் உப்பு குறைவாகத்தான் இருந்தது. நான் குடித்து முடித்ததும் டிரைவர், ஏதோ பஸ்ஸில் முன்னொரு காலத்தில் நடந்த கதை ஒன்றைத் தறிச்சத்தத்துக்கு மேல் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். நான் அங்கே இருக்கும்போதே சொன்னார்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. கோடைக்குக் கோடை ஓலை மாற்றுகிறோம், பச்சையாக இல்லாமல் முடைந்து காய்ந்ததாக வாங்கி. டிரைவர் ஒரே ஒரு தடவை மடியைத் தடவிக்கொண்டு வந்து நின்றார். அது இந்த பாரில் கிடைக்காது என்று மாமனார் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார், மறுநாள் அவர் வெறுங்கையோடு வந்தார். எலுமிச்சம்பழம் வாங்கவும் நன்னாரி வாங்கவும் மாமனார் தினமும் சந்தைவரை நடக்கிறார். டாக்டர் சொன்ன நடையை நான் வற்புறுத்தவே தேவைப்படவில்லை. எதிர்வீட்டு அக்காவும் நூல் சுற்றி முடித்துவிட்டு வந்து உட்காருகிறார். நான் இன்னும் கவலைப்படுகிறேன். மழை பெய்தால் கூரையைப் பற்றி, வெயில் அடித்தால் அவரைப் பற்றி. ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டே கவலைப்படுகிறேன்.

போன மாதம் மகளின் வகுப்பு ஆசிரியை என்னை வரச் சொன்னார். வீட்டில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டதற்கு, எங்கள் அப்பாரு பார் வைத்திருக்கிறார், அம்மாதான் கட்டிக் கொடுத்தாள் என்று இவள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் பதிலைத் தயார் செய்தேன். அது பார் இல்லை, ஒரு சாளை, ஓலைக் குடிசை. இல்லை, பந்தல். கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்களே, அந்த மாதிரி. அப்படிச் சொன்னால் குழந்தை பொய் சொன்னாள் என்று ஆகிவிடாதா? ஆசிரியை சின்னப் பெண். அறைக்கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தை சொன்னது நிஜமா என்று கேட்டார். தயார் செய்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"ஆமாங்க மிஸ். எங்க ஊட்டுல பார் இருக்குது. நாந்தான் கட்டுனேன்" என்றேன்.

பக்கத்து வகுப்பில் கேட்டிருக்கும். தறித் தெருவில் இருக்கிறவளுக்கு மெதுவாகப் பேச வராது. பிறகு மூங்கில் வந்ததிலிருந்து மாலை மாட்டியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியை மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் சற்றுத் தயங்கி, அங்கே பெண்களும் வரலாமா என்று கேட்டார்.

"மொத வாடிக்கையே நாந்தானுங்க மிஸ்."